சனி முழுக்கும் ஜப்பான் வெந்நீரும்

வெந்நீரில் உட்கார்ந்திருப்பதற்காக ஒன்றரை மணி நேரம் கார் ஓடிப் போகிற சனத்தை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு இரவு தங்குவதற்கு என் மனைவிக்குக் கூப்பன் கிடைத்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடம் இருக்கும். அவள் மொன்றியலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். நத்தாருக்கு ஒரு பிள்ளையின் தாய் தகப்பன் கொடுத்த பரிசு அது. நகரத்துக்கு வடக்கே, மலைப்பக்கம், ஜப்பான் முறைப்படி நடத்தும் வெந்நீர் ஊற்று விடுதியாம். இரண்டு பேர் போகலாமாம்.

"வெந்நீர்தானே? எங்கட பாத்ரூமிலயும் குழாயைத் திறந்தா வருது" என்றேன்.

அவள் இரவு சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லுறன். நான் பிரெஞ்சு படிக்கப் போனன், நக்கல் அடிச்சியள். நீந்தப் பழகப் போனன், நக்கல் அடிச்சியள், விட்டிட்டன். இது ஒரே ஒரு நாள். வாயைத் திறவாம, மூக்கைச் சுழிக்காம என்னோட வாங்கோ. இதையும் பழுதாக்கினியள் எண்டா இனி உங்களை நான் ஒண்டுக்கும் கூப்பிடமாட்டன்."

அவள் சொன்னது சரிதான். நீச்சல் உடுப்போடு அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத எனக்கு வெட்கம். அதனால் ஓம் என்று தலையாட்டினேன். வாயைத் திறப்பதில்லை என்றுதான் ஒத்துக்கொண்டேன். மனதை மூடுவதாக எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மாசி மாதம், சனிக்கிழமை. மகளைப் புரோசார்டில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். காரில் அவள் கூப்பனோடு வந்த தாளை இரண்டு தரம் உரத்து வாசித்தாள். முதலில் வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். பிறகுதான் தடாகத்தில் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் பொது, ஒருவருடைய அழுக்கும் அதில் படக்கூடாது. தடாகம் ஒன்றுதான், ஆகவே ஆண்களுக்கு நாலிலிருந்து ஆறு, பெண்களுக்கு ஏழிலிருந்து ஒன்பது.

"தலையில ஸ்நோ கொட்டுமாம். உடம்பு முழுக்கச் சூட்டுக்குள்ள இருக்குமாம்" என்றாள். இதை அவள் அந்தக் கிழமையில் எத்தனையாவது தடவை சொன்னாள் என்று தெரியாது.

விடுதி என்று சொல்லப்பட்டது, மரப்பலகை அடித்த ஒரு சாதாரண கியூபெக் வீடு. வாசலில் ஒரு கல்விளக்கு, அதன் தலையில் பனி. முதலாளி குடுமி கட்டிய வெள்ளைக்காரர். ஜப்பானில் மூன்று வருடம் பிரெஞ்சு படிப்பித்தவராம். அந்த மூன்று வருடத்தை வைத்துக்கொண்டு மிச்சக் காலம் முழுவதும் பிழைக்க வந்துவிட்டார். எங்களைக் கண்டதும் இடுப்பு முறியக் குனிந்தார். என் மனைவியும் குனிந்தாள். நான் சப்பாத்துக் கழற்றுகிற சாட்டில் குனிந்து சமாளித்தேன்.

அறையில் கட்டிலும் இல்லை, கதிரையும் இல்லை. நிலம் முழுக்கப் பாய், சுருட்டி வைத்த ஒரு மெத்தை, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை, கடதாசி ஒட்டிய கதவு. அகதி முகாமில் ஆறு மாதம் பாயில் படுத்து எழும்பியவன் நான். அதே பாயைக் காட்டி இங்கே ஒரு கூட்டத்தை வாய் பிளக்க வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தேநீர் வந்தது. பால் இல்லை, சீனி இல்லை, புல் அவித்த தண்ணீர். என் மனைவி இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் கண்ணை மூடிக் குடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

தடாகத்துக்குப் போகிற வழியில் சுவருக்குப் பின்னால் ஒரு உறுமல் கேட்டது. புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பத்து வருடம் வேலை செய்தவனுக்குப் பொயிலர் சத்தம் தெரியாதா? ஊற்றாவது ஒன்றாவது! கிணற்றுத் தண்ணீரைப் பொயிலரில் காய்ச்சி ஊற்றிவிட்டு, குனிந்து குனிந்து எல்லாருடைய தலையிலும் மிளகாய் அரைக்கிறான். அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோசத்தைச் சொல்லி முடியாது. நான் நினைத்தது சரியாகிவிட்டது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நான் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குத் தவறவிட்டதில்லை. அன்றைக்கும் சவரப் பைக்குள் ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெய் இருந்தது. மனைவிக்குத் தெரியாமல்தான் வைத்தேன். சூடான தண்ணீர் எதற்கு என்று இவர்களுக்கா தெரியும், எங்களுக்கா என்ற திமிர். குளிக்கிற இடத்தில் ஆள் வருமுன் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அள்ளிப் பூசினேன். சின்ன முக்காலியில் உட்கார்ந்து மரவாளியால் ஊற்றினேன். அங்கே வைத்திருந்த சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். நல்லெண்ணெய் போகச் சீயாக்காய் வேண்டும், அல்லது தேசிக்காய் அவித்துத் தேய்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த மெல்லிய சோப்பு எண்ணெய்க்கு மேலே வழுக்கிக்கொண்டு ஓடியதையும் பார்த்தேன். இந்தப் பொய்த் தண்ணீருக்கு இது போதும் என்று இறங்கினேன்.

உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கிழவர், இரண்டு இளந்தாரிகள். மூவரும் செத்தவீட்டில் இருப்பதுபோல் பேசாமல் இருந்தார்கள். மேலே உண்மையாகவே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் நான் எவரையும் திட்டவில்லை. அந்த ஐந்து நிமிடமும் நன்றாக இருந்தது என்பதை அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு என் மார்புக்கு முன்னால் தண்ணீர் மினுங்கத் தொடங்கியது. மினுக்கம் நீலமும் மஞ்சளுமாக அகன்று, ஆறுதலாக நகர்ந்து, கிழவரின் தோளில் போய் ஒட்டியது. அவர் விரலால் வழித்து மணந்து பார்த்தார். ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். மற்ற இருவரும் பின்னாலேயே ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் குடுமிக்காரர் வந்து தடாகக் கரையில் முழங்காலில் இருந்தார். விரலைத் தோய்த்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. இது என்ன, உங்களுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

தெரியாது என்றேன். நான் இறங்கும்போதே இருந்தது என்றும் சொன்னேன்.

நாற்பத்திரண்டு வயது மனிதன், உடுப்பில்லாமல், தலையிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்க, தெரியாது என்கிறான். அந்த விடுதியில் நான் கண்ட போலிகளில் அதைப்போல மலிவானது வேறொன்றும் இல்லை. அவர் எனக்கும் ஒருமுறை குனிந்துவிட்டுப் போனார்.

அறைக்கு வந்தபோது என் மனைவி தயாராக இருந்தாள். விடுதியில் கொடுத்த நீல அங்கியை உடுத்து, கூந்தலைத் தூக்கிக் கட்டி, துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தாள். ஏழு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"எப்பிடி இருந்தது?"

"வெந்நீர்தானே" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது கதவு தட்டப்பட்டது. குடுமிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். தடாகத்தில் எண்ணெய் கலந்துவிட்டதாம், முழுவதையும் வடிய விட்டுத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டுமாம், சூடேற நாளை மதியமாகுமாம். நாங்களோ காலை பத்து மணிக்கு அறையை விட வேண்டியவர்கள்.

அவர் போன பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அந்தக் கிழவன் என்னத்தையோ பூசிக்கொண்டு வந்திட்டான் போல. இதுகளுக்கு ஒரு சுத்தம் இல்லை" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். மடித்து வைத்திருந்த துவாயை என் தலையில் வைத்து ஒருமுறை அழுத்தினாள். பிறகு அதைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பதின்மூன்று வருடம் என் தலையணை உறைகளைத் தோய்த்தவள் அவள். கடதாசிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், அங்கியைக் கழற்றி மடித்து வைத்து, தன் களிசானையும் சுவெட்டரையும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடப் போவம்" என்றாள்.

ஏழெட்டுக் கிண்ணங்களில் காகத்துக்கு வைக்கிற அளவில் சாப்பாடு வந்தது. யன்னலுக்கு வெளியே ஒருவன் தடாகத்தைத் தும்புத்தடியால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

காலையில் குடுமிக்காரர் மறுபடி மன்னிப்புக் கேட்டார். நேற்றைய குறைக்கு ஈடாக இன்னொரு கூப்பன் எழுதத் தொடங்கினார். இரண்டு பேருக்குத்தானே என்று கேட்டார். என் மனைவி பிரெஞ்சில் பதில் சொன்னாள். நான் நக்கல் அடித்தும் அவள் விடாமல் படித்த பிரெஞ்சு. எனக்கு அதில் நாலு சொல் வராது, ஆனால் அவள் சொன்னது விளங்கியது.

ஒரு ஆளுக்கு என்றாள்.

அடுத்த மாசியில் அவள் போனாள். அதற்கடுத்த வருடங்களில் கூப்பன் இல்லாமலே போனாள். நான் காரில் கொண்டுபோய் பஸ் நிலையத்தில் விடுவேன், மறுநாள் போய் ஏற்றி வருவேன். நல்லாய் இருந்ததோ என்று கேட்டால் ஓம் என்பாள். வீட்டில் எங்களுக்குள் சண்டை இல்லை. சாப்பாடு வரும், மகளின் பள்ளிக்கூடக் கதை வரும். வா என்ற ஒரு சொல் மட்டும் அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

நாலாவது வருடம், அவள் வாசலில் குந்தியிருந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"இந்த முறை நானும் வாறனே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. ஒரு மூக்குச் சுழிப்புக்கூட இல்லை.

"உங்களுக்கு அங்க என்ன கிடக்கு? வெந்நீர்தானே" என்றாள். பிறகு மற்றப் பூட்ஸின் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.