தங்கக்காதும் கறுப்பு டேப்பும்

காப்பீட்டு அலுவலகத்தில் தபால்களுக்கு முத்திரை குத்தும் அந்த மனிதருக்குத் தங்கக்காது என்று பட்டம். கொடுத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். ஊரார் கேட்கும் சாதாரண சிடி அவருக்குத் தகர டப்பா. அவரிடம் இருப்பது சூப்பர் ஆடியோ சிடி. ஒரே தட்டில் இரண்டு அடுக்கு: ஒன்றில் சாதா ஒலிப்பதிவு, மற்றதில் நுணுக்கமான ஒலிப்பதிவு. இதை விளக்கும்போது எதிராளியின் காதை ஓட்டைப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்று அந்தத் தட்டுகளுக்கு. மனைவியின் தையல் மிஷின் கழிவறை வாசலில், இருட்டில். ஊசியில் நூல் கோக்க டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அவர் பாட்டுக் கேட்கும்போது மிஷின் ஓடக் கூடாது, மின்விசிறி சுற்றக் கூடாது. பிளேயரின் முகப்பில் எரியும் எழுத்துகூட இசையைக் கலைக்கிறதாம். வாங்கிய அன்றே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

பிளேயர் சூடேற வேண்டுமென்று தட்டை ஓடவிட்டுக் குளிக்கப் போவது அவர் வழக்கம். போன மாதம் அப்படிப் போயிருந்தபோது தூசு தட்டியவளின் துணியில் டேப் பெயர்ந்து வந்தது. உள்ளே ‘சிடி’ என்று எரிந்தது. உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தாள். பிறகு டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் காசாளர் வந்தார். தங்கக்காது ஒரே பாட்டைச் சாதா சிடியில் ஒரு முறையும், தன் தட்டில் ஒரு முறையும் போட்டார்.

“வித்தியாசம் தெரியுதா?”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அண்ணே.”

“உனக்கெல்லாம் காது கண்ணாடி மாட்டத்தான்யா!”

வெளியே மிஷின் தடதடத்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள்.

“ஏய், நிறுத்து அதை! நாளைக்கே தூக்கி மொட்டை மாடியில போடுறேன். மழையில நனையட்டும்!”

உள்ளே வந்தவள் பிளேயரிலிருந்து டேப்பைப் பிய்த்துக் கணவர் கையில் வைத்தாள்.

“தம்பி, இங்க எரியிற எழுத்தைப் படிங்க,” என்றாள் காசாளரிடம்.

“சிடின்னு எரியுது, அண்ணி.”

“நல்ல அடுக்கு ஓடினா வேற எழுத்து எரியுமாம். ரிமோட்டுல ஒரு பட்டன் அமுக்கணும். ஏழு வருஷமா உங்க அண்ணன் கேட்டது தகர டப்பா.”

காசாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“எனக்கும் ஏதோ ஒரு குறை தெரிஞ்சுகிட்டேதான் இருந்துச்சு,” என்றார் தங்கக்காது.

“ஏழு வருஷமாவா?” அவள் சிரிக்கவில்லை. “தம்பி, ஒரு கை பிடிங்க.”

இருவருமாக மிஷினைத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டார்கள். அவர் தடுக்கவில்லை. விரலில் ஒட்டிக்கொண்ட டேப்பை உதறிக்கொண்டே நின்றார். அது விடுவதாக இல்லை.