பொட்டு வைத்த டிஸ்க்

போன சனிக்கிழமை, ஈப்போவில் எங்கள் வட்டாரப் படிப்பகத்துக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார் செயலாளர் மாணிக்கம்.

"அண்ணே, சிலிப்பரைக் கழட்டிட்டு வாங்க லா. உள்ள கம்ப்யூட்டர் இருக்கு."

கழற்றினேன். கோயிலா என்று கேட்காதீர்கள்... கோயிலில் சாமிக்குத் தினமும் கதவைத் திறப்பார்கள். இங்கே ஒரு கண்ணாடி அறை, அதற்கொரு பூட்டு, உள்ளே ஏர்கான், அதன் குளிரில் பட்டுத் துணி போர்த்திய கம்ப்யூட்டர். யாரோ புண்ணியவான் கொடுத்தது. மேலே ஒரு போர்டு: 'தகவல் மக்களுக்கே'. திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் ஒரு விரலால் தொட்டார். மக்களில் இதுவரை யாரும் தொடவில்லை.

எனக்கு முன்னால் வசந்தா என்றொரு பெண் நின்றிருந்தாள். தாப்பா பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவரின் மகள். இங்கே ஃபேக்டரியில் வேலை. நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட வேண்டும். எங்கே அனுப்புவது, கடைசி நாள் எது... ஒன்றும் தெரியவில்லை. வயது வரம்புப்படி இந்த வருஷம் விட்டால் போச்சு.

"பயிற்சி விவரமெல்லாம் முந்தி இங்க ஃபைல்ல இருந்துச்சே அண்ணே?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு தங்கச்சி."

"அப்ப அதுல பார்த்துச் சொல்லுங்க."

"சாவி தலைவர்கிட்ட இருக்கு. அவரு பாரிட் புந்தார்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு லா."

"அப்ப ஃபைலையாவது குடுங்க."

"அதான் ஏத்தியாச்சே! அப்புறம் ஃபைல் எதுக்கு? தூக்கிப் போட்டாச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? சத்தம் போட்டேன். இதை அப்படியே என் பத்திரிகைப் பத்தியில் எழுதிவிடுவேன் என்றேன். என்ன ஆச்சரியம் — மாற்றுச்சாவி ஒன்று மாணிக்கத்தின் டிராயரிலேயே இருந்தது!

திறந்தார். பட்டுத் துணியை விலக்கினார். விவரமெல்லாம் ஏற்றிய டிஸ்க் எங்கே?

அது சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தது. பூஜையன்று எல்லாப் புத்தகத்துக்கும் பொட்டு வைத்தார்களாம். டிஸ்குக்கு மட்டும் வைக்காமல் விடலாமா? அந்தக் கறுப்பு அட்டையில் நீளவாக்கில் ஒரு திறப்பு உண்டு. மெஷின் படிக்கிற இடமே அதுதான். சரியாக அங்கே பார்த்துச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"பொட்டு வைக்கத்தான் இடம் விட்டிருக்காங்கன்னு நெனச்சோம் அண்ணே..."

மெஷினில் போட்டார். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்திருப்பீர்களே?" என்றேன்.

"அதுக்கும் வச்சிட்டோமே! ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

நம் ஆட்களின் குணமே இதுதான். உபயோகமான பொருள் ஒன்று கையில் கிடைத்தால் போதும், கும்பிட ஆரம்பித்துவிடுவோம். கும்பிட ஆரம்பித்த பிறகு உபயோகிக்க யாருக்கு மனசு வரும்?

வசந்தாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை.

"அந்த ஃபைலை எங்க போட்டீங்க?"

"முனையில கச்சாங் பூத்தே விக்கிற கடலை வண்டி நிக்குதில்ல... அவருக்குத்தான் குடுத்தோம். பொட்டலம் மடிக்க."

வெறுங்காலோடு ஓடினாள். அவளுடைய சிலிப்பரைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

வண்டியில் கடலைக்கும் முறுக்குக்கும் நடுவே மிச்சத் தாள்கள் அடுக்காக இருந்தன. புரட்டினாள். ஆசிரியர் பயிற்சி இருந்தது, தொழிற்பயிற்சி இருந்தது. நர்ஸ் பயிற்சி இல்லை. நிமிர்ந்தாள். பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், கூம்புப் பொட்டலத்திலிருந்து கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது அந்தத் தாளேதான்!

வசந்தா மலாயில் கெஞ்சினாள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடலையைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு தாளை நீட்டினார். எண்ணெய் பட்டிருந்தது, எழுத்து தெரிந்தது. கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. "நேரம் இருக்கு அண்ணே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாளே ஒரு சிரிப்பு... ஓடிய மூச்சிரைப்பெல்லாம் போய்விட்டது.

மாணிக்கம் அவர்களே, 'தகவல் மக்களுக்கே' போர்டைக் கழற்றி அந்தக் கச்சாங் பூத்தே வண்டியில் மாட்டிவிடுங்கள். அங்கே யாரும் சிலிப்பரைக் கழற்ற வேண்டியதில்லை!