எலி வீட்டு மாயக்காள்

எலிக் கூண்டைத் திறப்பதற்கு முன் அந்தக் கூண்டின் மரத்தூளையே அள்ளி இரண்டு உள்ளங்கைகளிலும் தேய்த்துக்கொள்கிறார் மாயக்காள். "நம்ம வாசம் குட்டி மேல ஒட்டுச்சுன்னா தாய்க்காரி கடிச்சுத் தின்டுருவா, தம்பி." அந்த வாசமும் ஆகாதென்று பூ வைப்பதை விட்டு ஆறு வருடமாகிறது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எலி வாடைக்கு மூக்கைச் சுளித்து எழுந்து போனால் அவருக்குச் சந்தோஷம். "ரெண்டு பேரு சீட்டுல காலை நீட்டி வாரேன்ல!"

திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முந்நூறு வெள்ளை எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நேற்றுப் பிறந்த குட்டி சிவந்த கடலைக்காய் போலிருக்கும். ஆணா பெண்ணா என்று பார்க்க எனக்கு லென்ஸ் வேண்டும். அவருக்குக் கட்டைவிரல் போதும். "வாலுக்கு அடியில ரெண்டு புள்ளியும் தள்ளி இருந்தா கடுவன், ஒட்டி இருந்தா பொட்ட. எம்.எஸ்ஸி.யில இதச் சொல்லித் தரலையா?"

போன வருடம், 1983 ஜூனில், சோதனையைத் தொடங்கினோம். பிறந்த குட்டிகளை இரண்டு வாரம், தினமும் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைப்போம். பிறகு ரத்தத்தில் நீலச் சாயம் ஏற்றுவோம். காது, மூக்கு, பாதம் எல்லாம் நீலமாகும். மூளை மட்டும் வெள்ளையாகவே இருக்கும். அங்குள்ள ரத்தக்குழாய்களின் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. பிஞ்சு வயதில் பட்ட கஷ்டம் அந்தச் சுவரைத் தளர்த்துமா, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரியா என்பதுதான் கேள்வி.

"அப்ப மண்டைக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான்கிறீக" என்றார் மாயக்காள்.

முடிவு வந்தது. பிரித்து வைத்த ஆண்களின் மூளையில் நீலத் திட்டுகள். பெண்களிடம் ஒரு புள்ளிகூட இல்லை. பேராசிரியர் கைலாசநாதன் என் தோளைத் தட்டினார். கட்டுரை டைப்பாகி வந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் பெயர் அச்சில் வரப்போகிறது.

அடுத்த ஈற்றுக் குட்டிகளைப் பிரித்து வைத்திருந்த ஒரு நாள், மறந்துபோன பேனாவை எடுக்க எலி வீட்டுக்குள் போனேன். மேசையில் ஆண் குட்டிகளின் பெட்டி அப்படியே இருந்தது. பெண் குட்டிகளின் பெட்டி காலி. மாயக்காள் ஸ்டூலில் உட்கார்ந்து, மரத்தூள் பரப்பிய மடியில் ஒன்பது குட்டிகளையும் போட்டு, ஒரு விரலால் முதுகு முதுகாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி, அக்கா?"

"மொதல்ல இருந்துதான்."

"பொட்டைக் குட்டிய மட்டும் ஏன்?"

"ஒரு மடியில எம்புட்டுத்தான் கொள்ளும்?" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "நான் நாலாவது பொட்ட, தம்பி. மூணு நா பாலு குடுக்காம மூலையில போட்டுருந்தாகளாம். பக்கத்து வீட்டு இருளாயி அத்தைதான் தூக்கி மடியில போட்டுக்கிட்டாளாம். எனக்கெங்க ஞாபகம்? சொல்லக் கேட்டதுதான்."

ஞாபகத்தில் இல்லாதது உடம்பில் எங்கே தங்குகிறது என்றுதான் நாங்களும் எலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. சோதனையைக் கெடுத்தது அவரா, அந்த மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத நானா? சொன்னால் கட்டுரை போகும். மாயக்காளின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவும் கையெழுத்துக்காகப் பேராசிரியரின் மேசையில்தான் கிடந்தது.

மூன்றாம் நாள் அவரே கேட்டார். "ஐயாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்லக்கா."

"இம்புட்டுப் படிச்சும் வாயி வரலையே" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பேராசிரியரிடம் அவரே ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

பேராசிரியர் டைப் செய்த தாள்களை டிராயருக்குள் தள்ளினார். பிறகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். இம்முறை மடியும் சோதனையில் ஒரு பகுதி. எது மடிக்கு, எது பெட்டிக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும்.

"பெட்டிக் குட்டிய ஒரு விரல் தொட்டாலும் அந்த ஆர்டர்ல கையெழுத்து விழாது, மாயக்கா."

"சரிங்கய்யா."

இன்று முதல் நாள். மடிக்கு நான்கு ஆண், நான்கு பெண் வந்தன. மீதிக் குட்டிகள் அவர் கைக்கெட்டும் தூரத்தில், பெட்டியில். பத்தாவது நிமிடம் பெட்டிக்குள் ஒரு பெண் குட்டி மல்லாந்து விழுந்து காலை உதைத்தது. மாயக்காள் அதைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.