ஓட்டைக் கம்பளியும் கடிபட்ட நிலாவும்

வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தைப் பார்த்தால் பிறக்கும் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்து வீடுகளின் சட்டம். ஏழு மாத வயிற்றோடு கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலை ஏறினால் மட்டும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம். அதைப் பற்றி எந்தப் பஞ்சாங்கத்திலும் ஒரு வரி கிடையாது. நான் தேடிப் பார்க்கவில்லை, ஆனாலும் கிடையாது.

எனக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் அழாமலே பிறந்து போனது. அதிலிருந்து இந்த இரண்டாவது வயிற்றுக்கு என் புருஷனின் அக்காதான் காவல். அண்ணி என்று கூப்பிடுவேன். எனக்கும் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அன்று பௌர்ணமி. நிலா முழுசாக உதித்து, நன்றாக மேலே வந்த பிறகுதான் பாம்பு பிடிக்கும், அதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அண்ணி தீர்மானமாக இருந்தார். மடுவத்துக் கொட்டகையில் அந்திக் கொழுந்து நிறுக்கத் தாமதமாகிவிட்டது. வெறுங்கூடையோடு நாங்கள் வெளியே வந்தபோது, நானுஓயாப் பக்கத்து மலைக்கு மேலே நிலா எழுந்தது. கீழ்ப்பக்கத்தில் தோசையைப் பிய்த்த மாதிரி ஒரு துண்டைக் காணோம்.

"ஐயய்யோ! வரும்போதே கடிபட்டுல்ல வருது! ஏ புள்ள, பாக்காத, குனி!"

கத்திக்கொண்டே அண்ணி தன் கம்பளியை உருவி என் தலைக்கு மேலே போட்டு மூடினார். ஈரமும் வெற்றிலையும் சேர்ந்த நாற்றம். என் கையைப் பிடித்து லயத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்.

அந்தக் கம்பளியில், சரியாக என் இடது கண்ணுக்கு நேரே, அடுப்புப் பொறி பட்டு ஒரு ஓட்டை. நான் என்ன செய்வேன்? பார்த்தேன். நல்லாவே பார்த்தேன். கடிபட்ட இடம் புகை படிந்தது போல மங்கலாகத் தெரிந்தது. இவ்வளவு அழகான ஒன்றை எனக்கு மட்டும் மறைக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் பாதையில் குறுக்கே ஓடும் கானை மறந்துபோனேன். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கம்பளியோடு தொப்பென்று உட்கார்ந்தேன்.

தூக்கிக்கொண்டு போய் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் படுக்கவைத்தார்கள். பகலெல்லாம் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையவே இல்லை. வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். அசையவில்லை. நான் பார்த்துத் தொலைத்ததுதான் காரணம் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? நிலாவைத் திட்டினேன், ஓட்டையைத் திட்டினேன், என் கண்ணையும் திட்டினேன்.

கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. விட்டுவிட்டதா என்று பார்க்க அண்ணி வாசலுக்குப் போன சமயம் என் புருஷன் உள்ளே வந்தார். அக்கா சொன்னால் மறுபேச்சுப் பேசாத மனுஷன். துண்டுக்குள் ஒரு கோப்பையை மறைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"தேத்தண்ணி. சீனி நெறயப் போட்டுருக்கேன். குடி புள்ள."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ரெண்டு பேரயும் சேத்து வையட்டும். நீ குடி."

குடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விலாவில் ஒரு உதை. அடுத்து இன்னொன்று. நான் ஓவென்று அழுதேன்.

"விட்டுருச்சு புள்ள, விட்டுருச்சு!" என்று அண்ணி வெளியிலிருந்து ஓடிவந்தார். அவர் நிலாவைச் சொன்னார்.

மகள் பிறந்தாள். லயமே வந்து அவள் வாயைத் திறந்து பார்த்தது. உதடு இரண்டும் ஒழுங்காக இருந்தன. இன்றுவரை அவள் அவற்றை மூடியதில்லை, அது வேறு கதை.

"எல்லாம் எங் கம்பளி!" என்றார் அண்ணி.

அதற்குப் பிறகு கிரகணம் வந்தால், வெளியே போக வேண்டியிருந்த வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்தக் கம்பளியைக் கேட்டு வருவார்கள். ராசி போய்விடும் என்று அண்ணி அதைத் தைக்கவும் விடவில்லை, துவைக்கவும் விடவில்லை. போர்த்தி அனுப்புவது என் வேலை. தலையை மூடும்போது ஒவ்வொருத்தி காதிலும் சொல்வேன்:

"ஓட்டை இடது பக்கம் இருக்கு. மொதல்ல கானைத் தாண்டு, அப்பறம் பாரு."