சிவப்பு மூடி டப்பா

அந்த டப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டும். சிவப்பு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிச்சிட்டு, நெஞ்சிலிருந்து காறித் துப்பிக் கொண்டுவாங்க என்று சொல்லி ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. என்னுடையதில் ஒன்றைக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் அவருடைய நுரையீரலைப் பார்க்கணும் என்றார் பாண்டிச்சேரி டாக்டர். "கிட்னி வெச்சப்புறம் குடுக்கிற மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சிடும். உள்ள டிபி கிருமி இருந்தா ஆளையே தின்னுடும்" என்று பிட்டுப் பிட்டு வைத்தார். இவருக்கோ மாசக்கணக்கில் இருமல். பீடியை விட்டுட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனுஷன், உப்பளத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ துப்புடி. என்னுதுல ஏதாச்சும் இருந்துச்சுன்னா ஆபரேஷன் நின்னு பூடும்."

"ச்சீ, மனுஷனா நீங்க?"

"உனக்குத்தான் ஒண்ணுமில்லையே. உப்பு வாருற உடம்பு."

சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகைதான் என்னைக் கெடுத்தது. எனக்கும் கொஞ்ச நாளாக இருமல் இருந்தது. உப்புக் காத்து என்று விட்டுவிட்டேன். காறித் துப்பினேன். சோற்று டப்பா இருந்த அதே பையில் அதையும் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். அன்றைக்கு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நாலு நாள் கழித்துப் போனபோது டாக்டர் அவரைப் பார்த்து, "சளியில டிபி கிருமி இருக்குது. மாத்திரை ஆரம்பிக்கணும்" என்றார். இவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அந்த மிதியில் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் போய்விட்டது.

"அது என் சளி டாக்டர்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். புது டப்பா இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். எனக்கு என்ன ஆகும் என்று கேட்கத்தான் போகிறார் என்று நம்பினேன்.

"அப்ப இவ கிட்னி ஆவாதா டாக்டர்?"

நான் ஒரு டப்பாவை எடுத்து, அதன்மேல் என் பெயரை எழுதித் தரச் சொன்னேன்.