அத்தை பறித்துக்கொண்ட பழச்சாறு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: அன்று நான் குரலை உயர்த்தியது குற்றமா?

சென்ற மழைக்காலத்தில், புனேயில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் அறுவைப் பிரிவில் நடந்தது இது. என் எட்டு வயதுத் தங்கையின் குடலில் பிறவியிலேயே இருந்த கட்டியை அகற்ற வேண்டும். பேச்சுப் போட்டிகளில் எதிரணியை வாயடைக்கச் செய்து பழகியவன் நான். மருத்துவரையும் கேள்விகளால் துளைத்திருந்தேன். அவர் சலிக்காமல் விளக்கினார். இரவெல்லாம் குழந்தையை வறண்ட வாயோடு கிடத்தும் வழக்கத்தை அங்கே அண்மையில்தான் கைவிட்டிருந்தார்கள். மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த பழச்சாறு குடிக்கலாம். வலியை அடக்கி, மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். உடல் விரைவில் தேறும். ஆனால் வீட்டார் துணை நிற்காவிட்டால் எதுவும் நடக்காது என்றார்.

வீட்டார் என்றால் யார்? எங்கள் வீட்டில் அத்தைதான்.

நகரின் மறுபக்கம் கோந்த்வாவிலிருந்து விடியலிலேயே வந்துவிட்ட அத்தை, செவிலியர் வைத்துச் சென்ற ஆப்பிள் சாற்றைத் தங்கையின் கையிலிருந்து பறித்துக்கொண்டார்.

"ஆபரேசனுக்குப் போற புள்ளைக்கு ஜூஸா? ஒங்களுக்கெல்லாம் புத்தி பெரண்டு போச்சா?"

"டாக்டரே குடிக்கச் சொன்னாரு அத்தை. நேரம் தாண்டிட்டா அப்புறம் குடுக்க முடியாது."

"ஏலே, மேடையில கத்துறத எல்லாம் மேடையோட வச்சுக்க."

நான் விடவில்லை. காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுத்த கட்டில் குழந்தையின் தாய், "ரெஹ்னே தோ, பச்சி ஹை," விட்டுவிடு, சின்னக் குழந்தை என்று இந்தியில் சொல்லி அத்தையின் பக்கம் சேர்ந்தார். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, தாகமா இருக்கு," என்றாள் தங்கை.

அத்தையின் முகம் மாறிவிட்டது. இன்று புனேயின் வாகட் பகுதியில் கணினிப் பணியில் இருக்கும் அவர் மகனுக்கும் சிறுவயதில் வயிற்றில் அறுவை நடந்ததை நான் அறிவேன். அதற்குமேல் அறியேன்.

"ஒன் அத்தானும் இப்படித்தாம்ல தண்ணி தண்ணின்னு கதறுனான். ஒதட்ட நனைக்கக்கூட நான் விடல. கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். இப்பக் குடிக்கலாம்னா... அன்னைக்கு அவன் எதுக்குலே அழுதான்?"

அதற்கும் என்னிடம் விடை இருந்தது. அதை அவர்மீது வீச மனம் வரவில்லை. என் சினம் அத்தையை விட்டு விலகி, ஒரு தாயைக் கல்லாக உட்கார வைத்த வழக்கத்தின்மேல் திரும்பியது.

"மதினி, குடுங்க," என்று அம்மா கை நீட்டினார். அத்தை கொடுத்தார். தங்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் அடியெடுத்து வைத்தாள். முன்னால் போனவர் யார் தெரியுமா? அத்தை! "பாஜூ, பாஜூ! புள்ள நடக்குது!" என்று மராத்தியும் தமிழுமாக வழி விலக்கிக்கொண்டே போனார். அடுத்த கட்டில் குழந்தையின் தாயும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்.

அத்தாழ்வாரத்திலேயே, அத்தனை பேர் முன்னிலையில், மேடைக் குரலிலேயே சொன்னேன். இன்றும் நான் பேச எழும்போதெல்லாம் முதலில் என் காதில் ஒலிப்பது அந்தச் சொற்கள்தாம்:

"அத்தை, அத்தான் எதுக்கு அழுதாருன்னு இனிமே நான் கேக்குறேன். ‘அதுதான் வழக்கம்’னு மட்டும் சொல்லி ஒரு புள்ளையத் தாகத்தோட போட்டு வச்சா, அது யாரா இருந்தாலும், எந்த எடமா இருந்தாலும், எந்திரிச்சு நின்னு ஏன்னு கேப்பேன். பதில் வர்ற வரைக்கும் உக்கார மாட்டேன்."