மூன்றாம் தட்டும் ஆறாம் தட்டும்

எங்கள் வீட்டில் தர்பூசணி சாப்பிடுவது என்பது ஒரு வேலை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் வெயில் காலத்தில் பழத்தைக் கடித்தபடி தெருவெல்லாம் கொட்டையைத் துப்பிக்கொண்டு திரிவார்கள். நாங்கள் தட்டின் எண்ணையும் கிண்ணத்தின் எண்ணையும் பார்த்துத்தான் துப்ப வேண்டும். நான்காம் தட்டுப் பழத்தின் விதை நான்காம் கிண்ணத்தில்தான் விழ வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் கொடி முளைக்கும் என்று மற்ற வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். எங்கள் வீட்டில் முளைத்திருந்தால் அந்தக் கொடிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருப்பார்கள்.

நாங்கள் விதைக் கம்பெனிக்காரர்கள். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாப்பாரப்பட்டி போகும் சாலையோரம் ஒரு கிடங்கு, அதை ஒட்டி எங்கள் வீடு, பின்னால் தோட்டம். அப்பா நிர்வாகம். சித்தப்பா விற்பனை, ஏரியூர் முதல் மாவட்டத்தின் அந்தக் கோடி வரை விதைக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவார். அப்பாவின் தங்கையான அத்தைதான் ஆராய்ச்சி. விவசாயக் கல்லூரியில் மேல்படிப்பு முடித்து, கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள். மோட்டார் ரூம் கதவில் 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று சித்தப்பா கேலிக்காக எழுதி ஒட்டிய காகிதத்தை, அத்தை பெருமையாகக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தாள்.

அத்தையின் வேலை எனக்கு வேடிக்கையாக இருக்கும். மறுநாள் மலரப் போகும் பெண் பூவை முதல் நாள் சாயங்காலமே கண்டுபிடித்து, தேனீ நுழையாதபடி காகித உறை மாட்டிவிடுவாள். காலையில் அதே கொடியின் ஆண் பூவைப் பறித்து வந்து, உறையை எடுத்துத் தொட்டுத் தடவி, மறுபடியும் மூடி, நீல மையில் எண் எழுதிய சீட்டைக் கட்டுவாள். பழம் பழுத்ததும் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, அதன் விதையைப் போட்டு அடுத்த போகம். இப்படி ஏழு போகமாக ஒரே வம்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பழம், தோல் மெல்லிசு, உள்ளே நல்ல சிவப்பு. அப்பா இந்த வேலைக்கு, தேனீயை ஏமாற்றும் உத்தியோகம் என்று பெயர் வைத்திருந்தார்.

சித்தப்பாவிடமும் ஒரு பழம் இருந்தது. வெளியிலிருந்து வாங்கிய இரண்டு ரகங்களைச் சேர்த்து எடுத்த ஹைபிரிட். தோல் கெட்டி. லாரியில் பெங்களூர் வரை உருண்டு போனாலும் கீறல் விழாது. எங்களிடம் சொட்டுநீர் போட்ட நிலம் இரண்டு ஏக்கர்தான் இருந்தது. அடுத்த போகம் அதில் ஏதாவது ஒன்றைத்தான் விதைக்காகப் பயிர் செய்ய முடியும். தோற்ற பழத்தின் விதை டப்பாவில் தூங்க வேண்டியதுதான். எடைக்கும் தோலுக்கும் முன்பே மார்க் போட்டாகிவிட்டது. அதில் சித்தப்பாவின் பழம் பன்னிரண்டு மார்க் முன்னால் நின்றது. ருசியில் அத்தையின் பழம் அதை ஈடுகட்டினால் இரண்டு ஏக்கரும் அவளுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார்.

ருசி பார்க்க ஐந்து பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் தலைவியான மேஸ்திரி அக்கா, ஐந்தாவது நான். எனக்கு ஒன்பது வயது. டீயும் வெற்றிலையும் படாத நாக்கு என்று சொல்லி அத்தைதான் என்னைச் சேர்த்திருந்தாள். அந்த நாக்கை நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் நீட்டிக் காட்டி வந்தேன்.

அத்தை ஜெயிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அவள் எனக்குத் தலை வாரிவிடுகிறவள், ஸ்கூட்டரில் ஒகேனக்கல் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கித் தருகிறவள். சித்தப்பாவோ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அது பழுத்ததா என்று தட்டிப் பார்க்கிற ஆள். நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ருசி பார்க்கும் நாளில், எந்தத் தட்டில் எந்தப் பழம் என்பது அத்தை ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவளே அறுத்து வைப்பாள். அவள் மார்க் போட மாட்டாள். அன்று நான் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். நீல மைச் சீட்டுக் கட்டிய பழத்தை எடுத்தாள், அறுத்தாள், மூன்று என்று எழுதிய தட்டில் துண்டுகளை அடுக்கினாள். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். போதும், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று ஓடிவிட்டேன்.

ஆறு தட்டுகள் வந்தன. வரிசையாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் வாய் கொப்பளித்து, கொஞ்சம் பொரியை மென்று, பிறகுதான் அடுத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. முதல் தட்டுக்கு இரண்டு மார்க், இரண்டாவதற்கு ஒன்று என்று நான் தாராளமாகக் கஞ்சத்தனம் காட்டினேன். மூன்றாவது துண்டு வாய்க்குள் போகும் முன்பே பத்து எழுதிவிட்டேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. நான்குக்கும் ஐந்துக்கும் ஒவ்வொன்று.

ஆறாவது என்னைச் சோதித்துவிட்டது. அப்படி ஒரு இனிப்பு. தொண்டை வரை குளிர்ந்தது. என்னை அறியாமல், இன்னொரு துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றேன். அதன் பிறகுதான் இது சித்தப்பாவின் பழமாக இருக்கும் என்று சுதாரித்துக்கொண்டேன். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே ஒன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு அத்தையைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

அத்தை தாள்களை வாங்கி மார்க்கை எல்லாம் ஒரு நோட்டில் பத்தி பத்தியாக எழுதினாள். பிறகு எந்தத் தட்டு எந்தப் பழம் என்று வாசித்தாள். நான்கு சித்தப்பாவுடையது. ஒன்றும் இரண்டும் ஐந்தும் கடையில் கிடைக்கிற ரகங்கள்.

"மூணும் ஆறும் ஒரே பழந்தாங்கண்ணா. ரெண்டும் என்னுது" என்றாள்.

ஒரே பழத்தை இரண்டு தட்டில் வைத்துவிட்டால், ருசி பார்க்கிறவர்களின் நாக்கு நிதானமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் விழ வேண்டும்; கூட்டலில் சேர்வது இரண்டின் சராசரிதான். அப்பா, அம்மா, மேஸ்திரி அக்கா மூன்று பேருக்கும் அப்படித்தான் விழுந்திருந்தது. தன் பழம் எது என்று தெரியாமல் அதற்கு ஆறு போட்டிருந்த சித்தப்பா, அத்தையின் பழத்துக்கு இரண்டு தட்டிலும் ஒன்பது போட்டிருந்தார். என் பத்தியில் மட்டும் பத்தும் ஒன்றும் பல்லை இளித்துக்கொண்டு நின்றன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆறாம் கிண்ணத்தில் கிடந்த விதைகளைப் பார்த்தேன்.

"கொழந்த ஏதோ மாத்தி எழுதிட்டா. ஆறுக்கும் பத்துன்னு வெச்சுக்கலாம், வுடும்மா" என்றார் அப்பா.

சித்தப்பாவும் அதற்குத் தலையாட்டினார். "ரெண்டாவது துண்டு கேட்டு வாங்குனாளே, நானே பாத்தேன். எனக்கு ஒன்னும் ஆட்சேபணை இல்ல. போட்டுக்க."

அத்தை அடிமட்டத்தை எடுத்தாள். அந்தப் பத்தி நின்றால் இரண்டு ஏக்கரும் அவளுக்கு. பெரிய கூட்டல் எல்லாம் தேவையில்லை, அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

"எழுதுனத நாம எப்படிங்கண்ணா மாத்தறது" என்று சொல்லிவிட்டு, அடிமட்டத்தை வைத்து என் பத்தியின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள். மிச்சமிருந்த நான்கு பேர் மார்க்கைக் கூட்டியதில், அந்தப் பன்னிரண்டை ஈடுகட்ட இரண்டு மார்க் குறைந்து அத்தை தோற்றுப்போனாள்.

நான் கிடங்குக்கு ஓடி, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். நாக்கு சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் அத்தை ஜெயித்திருப்பாள். அவளுக்கு நல்லது செய்யப் போய்த் தோற்கடித்தவள் நான்தான். அதைவிட, அந்தக் கோடு என் மேலேயே போட்டது போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அத்தை ஒரு தட்டோடு வந்தாள்.

"மருமவளே, மொதல்ல மூக்கச் சிந்து. மூக்கடைச்சா ருசி தெரியாது."

"எம்மேல கோவமா அத்தை?"

"பின்ன? ரெண்டு ஏக்கராச்சே" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா உங்க சித்தப்பன் ஒம்போது போட்டிருக்கு, பாத்தியா? ரெண்டு தட்டுக்கும் ஒம்போது!"

ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடித்தாள். முகமெல்லாம் சந்தோஷம். தோற்ற ஆளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. சாயங்காலம் கிண்ணங்களைக் கழுவி விதைகளை உலர்த்தும்போதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவின் ஹைபிரிட் நன்றாகவே விற்றது. அத்தை கிணற்றோரம் கிடந்த துண்டு நிலத்தில் தன் விதையைப் போட்டு, தோலைக் கெட்டியாக்குகிறேன் என்று மறுபடியும் தேனீக்களை ஏமாற்றக் கிளம்பினாள். எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் மனஸ்தாபப்படவில்லை. நான்தான் இரண்டு வருஷம் ருசி பார்க்கும் வரிசையில் உட்காராமல் வீம்பு பிடித்தேன்.

இப்போது அறுத்து வைக்கிற வேலை என்னுடையது. முதல் தடவை தட்டுகளுக்கு எண் எழுதும்போது, எந்தப் பழத்தை இரண்டு தட்டில் வைப்பது என்று யோசித்தேன். எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சித்தப்பாவுடையதை வைக்கலாம், கடைப் பழத்தை வைக்கலாம். சோதனைக்கு எல்லாம் ஒன்றுதான். நான் வளர்த்த பழமும் அன்று அந்த வரிசையில் இருந்தது. ருசி பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் எனக்கு நல்லது நினைக்கிறவர்கள். அவர்கள் மார்க் போடப் போவது பழத்துக்கா எனக்கா என்று ஒரு பயம் வந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எங்கள் பாசத்துக்குப் பயந்துதான் அத்தை தன் பழத்தை இரண்டு தட்டில் வைத்தாள் என்பது, பத்து மார்க் போட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்த எனக்கு அன்று தெரியவில்லை.